எனக்கு வராத மஞ்சள் காமாலை

எனக்கு மஞ்சள் காமாலை வந்ததே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் சொந்தத்தில் யாரைக் கேட்டாலும், என் மகள் பிறந்த வருடம் எனக்குக் கடுமையான காமாலை வந்தது, பிழைத்ததே பெரிது என்றுதான் சொல்வார்கள். என் கண் எப்படி மஞ்சளாக இருந்தது என்று வர்ணிப்பவர்கள்கூட உண்டு. அவர்களில் பாதிப் பேர் அந்தச் சமயம் என்னைப் பார்க்கவே இல்லை. மீதிப் பேர் பார்த்தார்கள். குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்து, ஈரத் துண்டை என் அறை ஜன்னல் கம்பியில் காயப்போட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

எனக்கு வந்தது வேறு. பிள்ளை பெற்ற பிறகு சில பெண்களுக்கு வரும் மனச்சோர்வு. நோயின் பெயரைச் சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த ஒரு மூச்சை விட எங்கள் வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை. அதனால் என்ன ஆனது என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுதும்போதும் கோபமாகத்தான் இருக்கிறேன், ஆறிப்போய் எழுதவில்லை.

தலைப்பிரசவம் என்பதால் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் வீடு. வயல்களெல்லாம் பிளாட் ஆகி, பிளாட்டெல்லாம் மாடி வீடாகி, இரண்டு வீட்டுக்கு நடுவே இன்னும் கொஞ்சம் நெல் நிற்கிற இடம் அது. கணவருக்குச் சென்னையில் வேலை. ரயில் டிக்கெட் கிடைக்கும்போது வருவார், பிள்ளையைப் படம் எடுப்பார், போவார்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தாள். நல்ல எடை, நல்ல நிறம், பசித்தால் தெருவே கேட்கிற குரல். எனக்குத்தான் ஒன்றும் பிடிபடவில்லை. அவளைத் தூக்கி மடியில் வைத்தால், யாரோ ஒரு வீட்டுப் பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன மாதிரி இருக்கும். அவர்கள் எப்போது திரும்பி வருவார்கள் என்று இருக்கும். சோறு இறங்காது. அவள் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வராது. காரணமே இல்லாமல் கண்ணீர் வரும், அதைத் துடைக்கக்கூடக் கை எழாது.

காரணம் சொல்ல ஊரே வந்தது. “பொட்டப் பிள்ளைன்னு வருத்தமோ?” என்றார் ஒருவர். “செல்லு பாத்துப் பாத்துத்தான் இப்பிடி ஆயிருது” என்றார் இன்னொருவர். “நாங்கல்லாம் பெக்கலையா? பெத்த கையோட களை எடுக்கப் போனோம்லா” என்று ஒரு அத்தை பெருமையாகச் சொன்னாள். பெற்ற கையோடு உன்னைக் களை எடுக்க அனுப்பியவர்களைத் திட்டாமல், அதைப் பதக்கம் மாதிரிக் குத்திக்கொண்டு திரிகிறாயே என்று கேட்க நினைத்தேன். வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. “தாய் அழுதா பால் திரிஞ்சிரும், அழாதட்டி” என்றாள் அம்மா. அழுவதற்கும் அப்போது எனக்கு உரிமை இல்லை, பால் கெட்டுவிடும்.

பிரசவம் பார்த்த டாக்டரிடம் மறுபரிசோதனைக்குப் போனபோது, அவர் தையலைப் பார்த்துவிட்டு, “தூங்குறியாம்மா? பிள்ளையப் பாத்தா சந்தோஷமா இருக்கா?” என்று கேட்டார். “அதெல்லாம் நல்லாத்தான் இருக்கா டாக்டர்” என்று அம்மா முந்திக்கொண்டாள். “உங்களைக் கேக்கல. அவளைக் கேட்டேன்” என்றார் டாக்டர். அத்தனை வாரத்தில் என்னைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். நான் அழுத அழுகையில் வெளியே காத்திருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். திருநெல்வேலியில் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

கணவர் அந்த வாரம் வந்திருந்தார். அவர், அம்மா, அப்பா, நான், பிள்ளை, எல்லோரும் காரில் போனோம். டாக்டர் நிதானமாகப் பேசினார். “இல்லாமப் போயிட்டாத் தேவலைன்னு தோணுதா?” என்று நேராகவே கேட்டார். ஆமாம் என்றேன். பக்கத்தில் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கணவர் ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது நோய், யாருடைய குற்றமும் இல்லை, நிறையத் தாய்மாருக்கு வருகிறது, சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். ஒரு மாத்திரை எழுதினார். அது வேலை செய்யச் சில வாரம் ஆகும், நீங்களாக நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் மறுபடி கீழே போய்விடுவீர்கள், பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடலாம் என்றார். தாராளமாகப் பால் கொடுங்கள் என்று அம்மாவைப் பார்த்தும் ஒரு முறை சொன்னார்.

எனக்கு அன்றைக்குத்தான் மூச்சு விட முடிந்தது. இதற்குப் பெயர் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது என்பது அவ்வளவு பெரிய ஆறுதல். திரும்பி வரும்போது அம்மா ஆலங்குளத்தில் டீ வேண்டாம் என்றுவிட்டாள். பாவூர்ச்சத்திரம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள். “கோயம்புத்தூர்ல ஒரு பிள்ள வேலை பாத்துக்கிட்டு இருக்கா. அவளுக்கு இப்பத்தான் இடம் வந்துக்கிட்டு இருக்கு” என்றாள். அந்தப் பிள்ளை என் தங்கை. நான் புத்தி சரியில்லாதவள் என்று வெளியே தெரிந்தால் அவளுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று அர்த்தம். கணவர் கியர் மாற்றினார். அப்பா வெளியே பார்த்தார்.

வீட்டு வாசலில் இறங்கும்போது எதிர்வீட்டு அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “பச்சப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு எங்க போயிட்டு வாரிய?”

“இவ கண்ணு லேசா மஞ்சளா இருந்துச்சு. அதான் ரத்தம் குடுத்துப் பாத்துட்டு வாரோம்” என்றாள் அம்மா.

“ஐயையோ, காமாலையா?”

“அப்பிடித்தான் சொல்லுதாவ.”

அவ்வளவுதான். சாவி போட்டுக் கதவைத் திறப்பதற்குள் எனக்கு ஒரு நோய் வந்துவிட்டது. நல்ல, மரியாதையான நோய். சர்க்கரை மாதிரி, பிரஷர் மாதிரி, நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளக்கூடிய நோய். ஈரல் கெட்டால் குடும்பத்துக்கு ஒன்றுமில்லை. மனசு கெட்டால் ஏழு தலைமுறைக்கும் கெட்ட பெயர். நான் எதிர்த்து எதுவும் சொல்லவில்லை. மாத்திரை கையில் இருந்தது, அது போதும் என்று நினைத்தேன். வெளியே என்ன பெயர் சொன்னால் எனக்கென்ன என்று நினைத்தேன்.

முதல் சில வாரம் அம்மாவே மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து தந்தாள். அதற்குள் சாரல் தொடங்கிவிட்டது.

தென்காசிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்தால் தென்காசியில் வீடு வைத்திருக்கிறவர்கள் வீடு அவர்களுக்குச் சொந்தமில்லை. வருடம் முழுக்க ஒரு போன் செய்யாத சொந்தமெல்லாம் வேன் பிடித்து வரும். அந்த வருடம் எங்கள் வீட்டுக்கு வர இரண்டு சாக்கு இருந்தது. பிள்ளையைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று, ஐந்தருவியில் குளித்த மாதிரியும் ஆயிற்று. ஹாலில் பாய், மாடிப்படியில் ஈரச் சேலை, அடுப்படியில் பார்டர் கடைப் பரோட்டா பார்சல். நடுவில் ஒரு அறையில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நான். எண்ணெய்த் தலையோடு போகும்போது ஒரு முறை எட்டிப் பார்ப்பார்கள். ஈரத் தலையோடு வரும்போது இன்னொரு முறை எட்டிப் பார்ப்பார்கள். “காமாலையாமே, பாவம்” என்பார்கள்.

திருவேங்கடத்திலிருந்து பெரியம்மா வந்தாள். அம்மாவின் அக்கா. அங்கே கரிசல் காட்டு வெயில், அதனால் வருடா வருடம் சீசனுக்கு வந்து பத்துப் பதினைந்து நாள் இருந்துவிட்டுப் போவாள். யாருக்கு என்ன வந்தாலும் முன்னால் நின்று வைத்தியம் சொல்கிற ஆள். அவள் சொன்னால் அம்மா மறுத்துப் பேசிப் பார்த்ததில்லை. வந்து பையை வைத்ததும் என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். “இருக்கு. உள்ள மஞ்சக் கட்டியிருக்கு” என்றாள். இல்லாத மஞ்சளைப் பார்ப்பதற்கும் ஒரு கண் வேண்டும்.

அன்றிலிருந்து எனக்கு உப்பு நின்றது. எண்ணெய் நின்றது. பால் ஊறுவதற்காக அதுவரை தந்த பூண்டும் கருவாடும் நின்றன. பிள்ளை பெற்றவள் மோர் குடித்தால் சளி பிடிக்கும் என்று என்னைப் பயமுறுத்தியவர்களே, அரைத்த கீழாநெல்லியை மோரில் கரைத்துக் காலையில் வெறும் வயிற்றில் கொண்டுவந்து நீட்டினார்கள். எனக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர், தனியாக.

கீழாநெல்லி பறித்து வந்தது யார் தெரியுமா? அப்பா. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மிச்சமிருந்த வயல் வரப்பிலெல்லாம் குனிந்து தேடி, மண்ணை உதறி, தண்டோடு கொண்டுவந்தார். திருநெல்வேலி டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அதே அப்பா. எல்லாம் தெரிந்தவர். “யப்பா, உங்களுக்குத் தெரியும்லா?” என்று கேட்டேன். “இலை உடம்புக்கு நல்லதுதானம்மா. எதுக்கும் இருக்கட்டும்” என்றார். என்னைப் பார்க்காமல் இலையைப் பார்த்துச் சொன்னார். அந்தக் கசப்பை நான் குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

பெரியம்மா கண்ணில் மாத்திரை அட்டை பட்டது மறுநாள். அலமாரித் தட்டில் இருந்தது. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏட்டி, காமாலைக்கு இங்கிலீஷ் மாத்திரையா? ஈரல் வெந்து போயிரும்லா! யாரு குடுத்தா?”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அட்டையைப் பார்த்தாள். ஒரு வாக்கியம் போதும். அக்கா, அது காமாலைக்கு இல்லை என்று சொன்னால் போதும். அம்மா சொன்னாள்: “ஆமாக்கா. எனக்கும் அதான் யோசனையா இருந்துச்சு.”

மாத்திரை பீரோவுக்குள் போயிற்று. சாவி அம்மா இடுப்புக்குப் போயிற்று. பெரியம்மா அந்தப் பக்கம் போனதும் அம்மாவின் கையைப் பிடித்துக் கேட்டேன். “டாக்டர் நிறுத்தக் கூடாதுன்னு சொன்னாருல்லா. நீயும்தான கேட்ட?”

“ரெண்டு நாளுட்டி. பெரியம்ம ஊருக்குப் போனதும் தாரேன்.”

பெரியம்மா போகவில்லை. அந்த வருடம் சாரல் நன்றாக இருந்தது. குற்றாலத்தில் தண்ணீர் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே தென்காசிக்காரி நானாகத்தான் இருப்பேன்.

டாக்டர் சொன்னபடியே நான் மறுபடி கீழே போனேன். முன்னைவிட ஆழத்துக்குப் போனேன். இப்போது மருந்து எங்கே இருக்கிறது என்று தெரியும், ஆனால் என் கைக்கு எட்டாது. இதைவிடக் கொடுமை வேண்டுமா என்று நினைத்தேன். வந்தது.

“காமாலைக்காரி பாலைக் குடிச்சா பிள்ளைக்கும் ஒட்டிக்கிடும்” என்றாள் பெரியம்மா. ஹாலில் இருந்த எல்லோரும் ஆமாம் என்றார்கள். அம்மா ஒரு வினாடி தயங்கினாள். அந்தத் தயக்கத்தை நான் பார்த்தேன். பிறகு அப்பாவை மெடிக்கலுக்கு அனுப்பி டின் பால் வாங்கிவரச் சொன்னாள். பிள்ளை வேறு அறைக்குப் போனாள். அவள் பசித்து அழும்போதெல்லாம் எனக்கு மார்பு கட்டி ஜாக்கெட் நனையும். வாஷ்பேசினில் குனிந்து நின்று பாலைப் பீய்ச்சி ஊற்றுவேன். எனக்கு என் பிள்ளைமேல் பாசம் வரவில்லை என்று தவித்துக்கொண்டிருந்தவள் நான். பாசம் வருவதற்கு இருந்த ஒரே வழியையும் அடைத்தார்கள், இல்லாத ஒரு நோயைச் சொல்லி.

கணவரிடம் போனில் சொன்னேன். “அத்தை ஏதாவது யோசிச்சுத்தான் செய்வாங்க. கொஞ்சம் பொறுத்துக்கோ” என்றார். அடுத்த நாள் அவரே கூப்பிட்டு, “எப்படி இருக்கு? மஞ்சள் குறைஞ்சிருக்கா?” என்று கேட்டார்.

“பக்கத்துல யாராவது இருக்காங்களா?” என்றேன்.

“யாரும் இல்லையே. ஏன்?”

யாரும் இல்லை. யாருக்காகவும் மறைக்க வேண்டியதில்லை. டாக்டர் முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதர், தனியாக இருக்கும்போது என்னிடம் மஞ்சள் குறைந்ததா என்று கேட்கிறார். போனை வைத்துவிட்டேன்.

பெரியம்மா அதோடு விடவில்லை. காமாலை இறக்குவதற்கு ஆய்க்குடிப் பக்கமிருந்து ஒரு பெண்ணை வரவழைத்தாள். அந்தப் பெண் என் கையில் ஏதோ பட்டைச் சாற்றைத் தேய்த்து, சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கிக் கழுவினார். தண்ணீர் மஞ்சளாயிற்று. அந்தச் சாற்றைத் தேய்த்தால் யார் கையைக் கழுவினாலும் தண்ணீர் மஞ்சளாகும், எதிர்வீட்டு அக்கா கையும் ஆகும், வேன் டிரைவர் கையும் ஆகும். ஹாலே வாய்மேல் கை வைத்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அழுதுகொண்டிருந்தாள். “எம்புட்டு மஞ்சளு, பாத்தியா. பிள்ள எப்பிடித் தாங்கினாளோ” என்றாள். நடிக்கவில்லை. தான் சொன்ன பொய்யை அவளே நம்பிவிட்டாள்.

எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். உண்மை தெரிந்த நாலு பேரில் மூன்று பேர் போய்விட்டார்கள், நான் மட்டும்தான் பாக்கி. அறைக்குப் போய்க் கண்ணாடி முன் நின்று, இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். லேசாக மஞ்சளாகத்தான் இருக்கிறதோ என்று பட்டது. என்னையும் பிடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கிற லேப்புக்கு நானே போன் செய்தேன். அன்று மாலையே முடிவு வாட்ஸ்அப்பில் வந்தது. எல்லாம் சரியாக இருந்தது, ஈரல் பளிங்கு மாதிரி இருந்தது. ஹாலுக்குப் போய், பரோட்டா தின்றுகொண்டிருந்த அத்தனை பேர் முன்னாலும் சத்தமாக வாசித்தேன். “எனக்குக் காமாலை கிடையாது. பாருங்க.”

பெரியம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். “கீழாநெல்லி வேலையக் காட்டிட்டு! நான் சொன்னேம்லா!”

எல்லோரும் சிரித்தார்கள், எல்லோருக்கும் சந்தோஷம். என் போனை வாங்கி, அந்த முடிவைப் படம் எடுத்து யார் யாருக்கோ அனுப்பினார்கள். அப்பா முகத்தில் ஒரு பெருமை. அவர் பறித்த இலை அல்லவா. நான் நின்றுகொண்டே இருந்தேன். சரி, எப்படியோ போகட்டும், குணமாகிவிட்டது அல்லவா, பிள்ளையைக் கொடுங்கள் என்றேன். “எதுக்கும் இன்னும் ஒரு மாசம் போட்டும்ட்டி. ஈரல்ல தங்கியிருக்கும்” என்றாள் பெரியம்மா. மாத்திரையைக் கொடு என்று அம்மாவிடம் கேட்டேன். “அதான் சரியாயிட்டே. இனி மாத்திரை எதுக்கு?” என்றாள்.

எதுக்கு என்று கேட்டாள். இல்லாமல் போய்விட்டால் தேவலை என்று நான் சொன்னதைக் கேட்டு முந்தானையை வாயில் வைத்தவள், எதுக்கு என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் காமாலை இறங்கிய சந்தோஷத்தில் வேன் பேசிக்கொண்டு எல்லோரும் பழைய குற்றாலத்துக்குக் கிளம்பினார்கள். அம்மாவையும் அப்பாவையும்கூட இழுத்துக்கொண்டு போனார்கள். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள், என்னிடம் சொல்லவில்லை. அக்கா அடுப்பில் பால் வைத்துவிட்டு வருகிறேன் என்று போன நேரத்தில், பிள்ளையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். பஸ் ஸ்டாண்டில் திருநெல்வேலி பஸ் நின்றது. ஏறி உட்கார்ந்தேன். அத்தனை வாரத்தில் என் காலால் நான் செய்த முதல் காரியம் அது.

ஆலங்குளம் நெருங்கும்போது அம்மா போன் செய்தாள். பின்னால் அருவிச் சத்தம் கேட்டது.

“எங்கட்டி போன? எதிர்வீட்ல இருந்து போன் வந்துச்சு. இங்கன பெரியம்ம கேக்கா. நான் என்னன்னு சொல்ல?”

“மனநல டாக்டரைப் பாக்கப் போயிருக்கான்னு சொல்லு.”

“சத்தமாப் பேசாதட்டி! பஸ்ஸுல யாராவது நம்ம ஆளு இருப்பாவ.”

“பிள்ளை பெத்ததுல எனக்கு மனசு நோய் வந்துருக்குன்னு சொல்லு” என்று முன்னைவிடச் சத்தமாகச் சொன்னேன். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த பெண்மணி என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். “அந்தக் கண்ணாடியைச் சாத்தும்மா, பிள்ளைக்குக் காத்தடிக்கும்” என்றார். சாத்தினேன். பஸ் கவிழவில்லை. எங்கள் குடும்ப மானம் போனதாகவும் எங்கும் தெரியவில்லை.

டாக்டர் திட்டவில்லை. முதலிலிருந்து தொடங்குவோம் என்றார். என்னென்ன நடந்தது என்று கேட்டபோது கீழாநெல்லி வரை சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், அடக்கிக்கொண்டார். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி, அங்கேயே தண்ணீர் கேட்டு வாங்கிப் போட்டேன். பிறகு வராந்தா ஓரத்தில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். டின் பால் பழகியவள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விடாமல் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் குடித்தாள். பாசம் ஒன்றும் பொங்கி வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். குடிக்கிறாள் என்று நிம்மதியாக இருந்தது.

வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. அம்மா வாசலுக்கு ஓடி வந்து பிள்ளையை வாங்கப் பார்த்தாள். நான் கொடுக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, “பல்லு வலி, டாக்டரப் பாக்கப் போயிருக்கான்னு சொல்லி வச்சிருக்கேன். நீ ஒண்ணும் வாயத் திறக்காத” என்றாள்.

பல் வலி! எனக்கு வந்த கோபத்தில் சிரித்துவிட்டேன். நேரே ஹாலுக்குப் போனேன். எல்லோரும் இருந்தார்கள், ஈரத் தலையும் எண்ணெய் வாடையுமாக. நடுவில் பெரியம்மா கூந்தலை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவள் எதிரே தரையில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, மாத்திரை அட்டையை எடுத்து எல்லோரும் பார்க்கிற மாதிரிக் கீழே வைத்தேன்.

“எனக்குக் காமாலை வரவே இல்லை. பல்லு வலியும் இல்லை. பிள்ளை பெத்த பிறகு எனக்கு மனசு நோயாயிட்டு. திருநெல்வேலியில மனநல டாக்டர்ட்ட பாக்கோம். எம்மாவுக்குத் தெரியும், எப்பாவுக்குத் தெரியும், என் வீட்டுக்காரருக்குத் தெரியும். இந்த மாத்திரையை இனி யாரும் தொடக் கூடாது. பிள்ளைக்கு நான்தான் பால் குடுப்பேன்.”

ஒருவர் டிவியை நிறுத்தினார். “காமாலை தலைக்கேறிட்டு போலுக்கே” என்று மூலையில் யாரோ முணுமுணுத்தார்கள். பெரியம்மா கையைக் காட்டி அவர்களை அடக்கினாள். அவள் கத்தப்போகிறாள் என்று நினைத்தேன், திருப்பிக் கத்தத் தயாராக இருந்தேன். அவள் என் பக்கம் நகர்ந்து வந்தாள்.

“ஏட்டி, அழுகை அழுகையா வருமோ?”

“ஆமா.”

“பிள்ளையத் தூக்கினா, யாரு வீட்டுப் பிள்ளையோன்னு இருக்குமா?”

டாக்டரைத் தவிர ஒருவரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

“என் சின்னவன் பிறந்தப்ப எனக்கு அப்பிடித்தான் இருந்துச்சு” என்றாள். “காமாலைன்னாவ. காமாலை வந்தா மனசு அப்பிடித்தான் ஆகும்னு சொன்னாவ. உப்பில்லாம கஞ்சி ஊத்துனாவ. பிள்ளைக்கு ஒட்டிக்கிடும்னு என் ஓர்ப்படியா தூக்கிட்டுப் போனா.”

அவளுடைய கொழுந்தனுக்கும் ஓர்ப்படியாளுக்கும் பிள்ளை இல்லை. அதனால் பெரியம்மா தன் கடைசிப் பையனை மனமுவந்து அவர்களுக்குத் தத்துக் கொடுத்தாள் என்றுதான் எங்களுக்கெல்லாம் சொல்லியிருந்தார்கள். எவ்வளவு பெரிய மனசு என்று கல்யாண வீடுகளில் பேசுவார்கள்.

“அப்ப எனக்கு வந்தது காமாலை இல்லையாட்டி?” என்று கேட்டாள்.

“இல்ல பெரியம்ம” என்றேன்.

அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா நிலைப்படியிலேயே நின்றிருந்தாள். “உனக்குத் தெரியுமா?” என்றாள்.

அம்மா முந்தானையை விரலில் சுற்றினாள். “நம்ம அம்மதான் அப்பிடிச் சொல்லச் சொன்னா” என்றாள். “எனக்குக் கல்யாணத்துக்குப் பாத்துக்கிட்டு இருந்தாவ.”

அன்றைக்கு எதிர்வீட்டு அக்காவிடம் வாசலில் அந்த நேரத்தில் தோன்றியதை அம்மா சொல்லிவிட்டாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவளுக்கு அது முன்பே கற்றுக்கொடுக்கப்பட்டிருந்தது. பெரியம்மாமேல் நான் அத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த கோபம் முழுக்க அப்படியே கையில் நின்றது, எங்கே இறக்கி வைப்பதென்று தெரியவில்லை. அவள் ஈரக் கூந்தலை இறுக்கி முடிந்துகொண்டு, மாத்திரை அட்டையை எடுத்து, அதில் அச்சடித்திருந்ததை எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். புரியாமல் என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

“அவன் இன்னைக்கும் என்னையப் பெரியம்மன்னுதான் கூப்பிடுதான்ட்டி” என்றாள்.